கடைசி ஆளும் உருளைக்கிழங்கும்

டவுன்ல இருக்கிற நண்பர்கள் கேட்கிறதுண்டு: "கடலை எடுத்த காட்டுல இன்னும் அவ்வளவு கடலை மண்ணுக்குள்ள கிடக்குதே, ஏன் விட்டுடறீங்க?" சோம்பல் இல்லீங்க, கணக்கு. இந்தக் கணக்கை 1850-லயே புத்தகமா எழுதினவரும் ஒரு விவசாயிதான்.

பேர் யோஹான் ஹைன்ரிஷ் ஃபான் தூனன். 1783-ல் பிறந்தவர். இன்றைய ஜெர்மனியின் வடக்கே மெக்லன்பர்க் பகுதியில் 1810-ல் டெல்லோ என்ற பண்ணையை வாங்கினார். நம்மளை மாதிரி ரெண்டு மூணு ஏக்கர் இல்லை, பெரிய பண்ணை. வரவு, செலவு, ஆள் கூலி எல்லாத்துக்கும் வருஷக்கணக்கா நோட்டு எழுதினார். அதை வெச்சுத்தான் 'தனித்த நாடு' என்று பொருள்படும் நூலை எழுதினார். முதல் பாகம் 1826-ல் வந்தது, அடுத்தது 1850-ல்.

அந்த இரண்டாவதில் உருளைக்கிழங்கு எடுக்கிறதை உதாரணமாச் சொல்றார். மேலே கிடக்கிற கிழங்கைப் பொறுக்க ஆள் கொஞ்சம் போதும். மிச்சத்தையும் எடுக்கணும்னா மண்ணைக் கிளறணும். ஆளைக் கூட்டக் கூட்ட, புதுசா வர்ற ஆளால கூடுற கிழங்கு குறைஞ்சிக்கிட்டே போகும். அப்ப எதுவரைக்கும் ஆள் விடலாம்? கடைசி ஆளால கூடுற கிழங்கோட விலை அவர் கூலிக்குச் சமமாகிற வரைக்கும். அதுக்கு மேல விட்டா கைநஷ்டம்.

கல்லூரியில் இதை 'இறுதிநிலை உற்பத்தித்திறன்' என்று நடத்துறாங்க. யூரியாவுக்கும் இதே கணக்குதான். மொத்தம் எவ்வளவு விளைஞ்சதுன்னு பார்த்தா பத்தாது, அடுத்த மூட்டை எவ்வளவு கூட்டிக் கொடுக்கும்னு பார்க்கணும். எங்க பக்கம் விட்டுப்போன கடலையை ஊர்ப் பெண்கள் வந்து பொறுக்கிக்குவாங்க. கூலி கொடுத்து எடுக்கக் கட்டுப்படியாகாத கடலை, ஒரு வீட்டுச் செலவுக்கு ஆகும்.

ஆனா தூனன் இதோட நிறுத்தலை. ஒரே வேலைக்கு ஆளுக்கொரு கூலி கொடுக்க முடியாது. அதனால கடைசி ஆளால கூடுற விளைச்சல்தான் அத்தனை பேர் கூலியையும் தீர்மானிக்குது. இது நியாயமான்னு அவர் யோசிச்சார். உழைக்கிறவர் பிழைப்புக்குத் தேவையானதையும், அவர் உழைப்பால் விளையறதையும் பெருக்கி, அதன் வர்க்கமூலம்தான் நியாயமான கூலின்னு ஒரு சூத்திரம் போட்டார். பின்னால வந்த பொருளாதார அறிஞர்கள் பலர் அதை ஏத்துக்கலை. அவரோ 1848-ல் தன் பண்ணை ஆட்களுக்கு லாபத்தில் பங்கு கொடுக்க ஆரம்பிச்சார். 1850-ல் இறந்துபோனார். அந்தச் சூத்திரத்தை அவர் கல்லறையில் செதுக்கி வெச்சிருக்காங்க.

எத்தனை ஆள் விடணும்கிற பாதியை எல்லோரும் படிக்கிறாங்க. கூலி ஏறிப்போச்சுன்னு நம்ம பேசும்போது, கல்லறையில் இருக்கிற பாதியையும் கொஞ்சம் நினைச்சுப் பார்க்கணும்.