கள்ள மரக்காலும் 1024 பிட் பகா எண்ணும்

பெங்களூரு அடுகோடியில் குடியிருந்து பொட்டி தட்டும் எனக்குத் தெரிந்த நம்மூர்க்காரர்கள் பலரிடம் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. கம்பெனிக் கணக்குத் தாக்கல், டெண்டர் என்று ஏதாவது ஒன்றுக்கு வாங்கியிருப்பார்கள். 2000 அக்டோபர் 17-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அமலுக்கு வந்தபோது இதற்கு இந்தியாவில் சட்ட மதிப்பு கிடைத்தது. நேரில் போகாமலே நம் பெயர் செல்லும் என்பது வெளியூர்வாசிக்குப் பெரிய வசதி. நம் பெயரில் வேறொருத்தன் போட்டுவிட்டால் அதுவும் செல்லுமே என்பது பயம். அந்தப் பயத்தை வைத்து முப்பது வருஷம் முன்னால் நடந்த ஒரு சண்டையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1991 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், டிஎஸ்ஏ என்ற கையெழுத்து முறையை முன்மொழிந்தது. உருவாக்கியவர் டேவிட் கிராவிட்ஸ். அவர் வேலை பார்த்தது என்எஸ்ஏ உளவு அமைப்பில். சந்தேகம் வருமா வராதா?

இந்த முறைக்கு முதலில் மூன்று எண்கள் வேண்டும். பி என்பது மிகப் பெரிய பகா எண். க்யூ என்பது 160 பிட் அளவுள்ள சின்னப் பகா எண். பி-யில் ஒன்றைக் கழித்தால் வருவது க்யூவால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். ஜி என்பதை இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிடலாம். மூன்றும் ரகசியமில்லை. ஆயிரம் பேர் ஒரே மூன்றைப் பயன்படுத்தலாம், ரகசியச் சாவி மட்டும் அவரவருக்குத் தனி.

சந்தை மரக்கால் மாதிரிதான். நெல் அவரவருடையது, மரக்கால் பொது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலக் கல்வெட்டுகள் நெல் அளவைச் சொல்லும்போது 'ஆடவல்லான்' என்ற மரக்காலின் பெயரையும், அது 'ராஜகேசரி'க்குச் சமம் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. இன்றும் அடுகோடி மளிகைக் கடைத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோமே, அதே சங்கதி.

மரக்காலுக்குள் பொய் அடி வைத்தால்? அர்ஜென் லென்ஸ்ட்ரா, ஸ்டூவர்ட் ஹேபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-லேயே இதைக் கிளப்பினார்கள். பி-யைத் தேர்ந்தெடுப்பவன் தனக்கு மட்டும் தெரிந்த கள்ளக் கதவோடு தேர்ந்தெடுக்கலாம். அது தெரிந்தவனுக்கு எல்லோருடைய ரகசியச் சாவியும் எளிதில் அகப்படும். அந்தக் கதவை எப்படி ஒளித்து வைக்கலாம் என்று 1992-ல் டேனியல் கார்டன் விளக்கினார்.

1994 மே மாதம் வந்த இறுதித் தரத்தில் இதற்குப் பதில் இருந்தது. முதல் வரைவில் 512 பிட்டாக இருந்த பி, 1024 வரை போகலாம் என்றானது. அதைவிட முக்கியம் 'விதை'. ஏதோ ஓர் எண்ணை விதையாக எடுத்து, ஹேஷ் கணக்கில் அரைத்து க்யூவை வரவழை. அதே விதையிலிருந்து பி-க்கு முயற்சி செய். 4096 முயற்சியில் கிடைக்காவிட்டால் புது விதை. கிடைத்தால் விதையையும், எத்தனையாவது முயற்சி என்பதையும் வெளியிடு. யார் வேண்டுமானாலும் கணக்கைத் திரும்பப் போட்டு, எண் ஒழுங்காகப் பிறந்ததா என்று பார்க்கலாம். ஹேஷை அரைத்தபின் வருவது எதுவென்று முன்கூட்டித் தெரியாததால், கள்ளக் கதவைத் திட்டம் போட்டு நுழைப்பது நடக்காத காரியம்.

ஜாவா லைப்ரரியோடு தயாராக வந்த 1024 பிட் எண்களுக்கு விதையும், 92 என்ற முயற்சிக் கணக்கும் ஆவணத்திலேயே அச்சாகியிருந்தன. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் எண் உருவாக்கும் ஃபங்ஷனுக்கு விதையை நாமே கொடுக்கலாம், முயற்சிக் கணக்கையும் அது திருப்பித் தரும். இரண்டையும் காலியாக விட்டாலும் வேலை நடக்கும். அப்படி விட்டால் பிற்பாடு காட்டுவதற்கு அத்தாட்சி இருக்காது, அவ்வளவுதான்.

'இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, சும்மா ஜல்லி' என்று நினைப்பவர்களுக்கு 2016 பதில் சொன்னது. பிரான்ஸ், அமெரிக்க ஆய்வாளர்கள் நால்வர் வேண்டுமென்றே கள்ளக் கதவு வைத்து ஒரு 1024 பிட் பகா எண்ணைச் செய்தார்கள். பார்வைக்கு டிஎஸ்ஏ தரத்துக்குப் பொருந்தும் சாதாரண எண். கல்விக்கூடக் கணிப்பொறிகளை வைத்தே இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆன நேரத்தில் அதை உடைத்துக் காட்டினார்கள். 2008-ல் வந்த ஆர்எஃப்சி 5114 போன்ற ஆவணங்களில் விதை சொல்லாத பகா எண்கள் இருக்கின்றன. அவற்றில் கதவு இருக்கிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. இல்லை என்று காட்டவும் வழியில்லை. வம்பே அங்கேதான்.

2023 பிப்ரவரியில் நிஸ்ட் டிஎஸ்ஏவுக்கு ஓய்வு கொடுத்தது. பழைய கையெழுத்தைச் சரிபார்க்கலாம், புதிதாகப் போடுவதற்கு அனுமதியில்லை. இந்தியச் சான்றிதழ்களில் அதிகம் புழங்கும் ஆர்எஸ்ஏவில் பொது மரக்கால் கிடையாது. நீள்வட்ட வளைவு முறையில் மறுபடி உண்டு. அங்கே பி-256 என்ற பிரபல வளைவுக்கு விதையை வெளியிட்டிருக்கிறார்கள், ஆனால் அந்த விதை எங்கிருந்து வந்தது என்று விளக்கவில்லை. கேள்வி ஒரு படி பின்னால் நகர்ந்திருக்கிறது, தீரவில்லை.

நிரல் எழுதும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: லைப்ரரி எண்ணை நீட்டினால் விதையைக் கேளுங்கள், கிடைத்ததைப் பத்திரப்படுத்துங்கள். மற்றவர்களுக்கு: மரக்காலை உலகமே காவல் காக்கிறது, சாவியைக் காப்பது நம் பொறுப்பு. யூஎஸ்பி டோக்கனையும் பின் நம்பரையும் சேர்த்து ஆடிட்டர் மேஜையில் விட்டுவிட்டு வந்தால், எந்தப் பகா எண்ணும் காப்பாற்றாது.