"ஏன் கியூபெக்?": ஓர் இன்டர்வியூ கேள்வியின் 350 வருடக் கதை

"டாக்டர், கனடாவுக்கு பிஆர் போடலாம்னு இருக்கேன். கியூபெக் மாகாணம்னா பிரெஞ்சு படிக்கணுமாம், இன்டர்வியூ கூட இருக்குமாம். என்ன கேப்பாங்க?"

நர்சிங் முடித்த தங்கைகள், ஐடி வேலையில் இருக்கும் தம்பிகள் என்று இந்தக் கேள்வி இன்பாக்ஸில் அடிக்கடி வருது. நான் விசா ஏஜென்ட் இல்லை. எந்த ஃபாரத்தை எங்கே போடணும் என்பதை அந்த அரசின் தளத்தில் பார்த்துக்கோங்க. விதிகள் அடிக்கடி மாறுது. ஆனால் அந்த இன்டர்வியூக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கு. அது தெரியாமல் போய் உட்கார்ந்தால் கேள்வி காதில் விழும், எதுக்காகக் கேக்கறாங்கன்னு பிடிபடாது.

பல வருஷமா விண்ணப்பதாரர்களிடம் கேட்கப்படும் கேள்வி இது: "கனடாவில் இத்தனை மாகாணம் இருக்கும்போது ஏன் கியூபெக்?"

மனப்பாடம் செய்துவிட்டுப் போகும் பதில் எல்லாருக்கும் தெரியும். அழகான ஊர், அமைதியான மக்கள், குழந்தைகளுக்கு நல்ல எதிர்காலம். இதையே டொரன்டோவுக்கும் சொல்லலாம், சிட்னிக்கும் சொல்லலாம். எதிரே இருப்பவருக்கு உறுத்துவது அதுதான்.

நீளமான பதிவு. டீயோடு உட்காருங்க.

1608ல் சாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் செயின்ட் லாரன்ஸ் நதிக்கரையில் கியூபெக் நகரத்தைத் தொடங்கினார். ஏற்கனவே பூர்வகுடிகள் வாழ்ந்து வந்த மண். பிரான்சிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். குடும்பம் இல்லாமல் காலனி எப்படிப் பெருகும்? 1663 முதல் 1673 வரை மன்னர் பதினான்காம் லூயி அரசு செலவில் ஏறத்தாழ 800 பெண்களைக் கப்பலேற்றி அனுப்பினார். 'ராஜாவின் மகள்கள்' என்று பெயர். நிறைய பேர் ஏழைகள், அநாதைகள். இந்த மண்ணின் முதல் அரசு இமிக்ரேஷன் திட்டம் என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

எனக்குப் பிடித்த இடம் இதில் ஒன்று உண்டு. வந்திறங்கிய பெண்களைப் பார்க்க மாப்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கேள்வி கேட்டது பெண்கள்! "உனக்குச் சொந்தமா வீடு, நிலம் இருக்கா?" என்பதைத்தான் அவர்கள் முதலில் விசாரித்தார்கள் என்று அங்கே கான்வென்ட் நடத்திய மரி தெ லாங்கார்னாசியோன் என்ற கன்னியாஸ்திரி கடிதத்தில் எழுதியிருக்கிறார். கியூபெக்கின் முதல் இமிக்ரேஷன் இன்டர்வியூவை எடுத்தது வந்தேறிய பெண்கள்தான்.

பத்துக் குழந்தைகள் உயிரோடு இருக்கும் குடும்பத்துக்கு வருஷம் 300 லீவ்ர் உதவித்தொகை என்று மன்னர் அறிவித்தார். கல்யாணம் செய்யாத ஆண்களுக்குக் காட்டில் வேட்டை உரிமை கிடையாது என்று உள்ளூர் நிர்வாகி மிரட்டினார். இந்த உதவித்தொகையை ஞாபகம் வெச்சுக்கோங்க. 300 வருஷம் கழிச்சு திரும்ப வரும்.

1759ல் இங்கிலாந்துப் படை கியூபெக் நகரத்தைப் பிடித்தது. 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரான்ஸ் அந்தக் காலனியைக் கைகழுவியது. அப்போது அங்கே மாட்டிக்கொண்ட பிரெஞ்சுக்காரர்கள் சுமார் 70,000 பேர். சுற்றிலும் ஆங்கிலம். பிரான்சிலிருந்து புதிதாக ஆள் வருவது கிட்டத்தட்ட நின்றே போனது. ஒண்ணு ரெண்டு தலைமுறையில் கரைந்து போயிருக்க வேண்டிய கூட்டம்.

கரையவில்லை. பிள்ளை பெற்றே பெருகினார்கள். 'தொட்டில்களின் பழிவாங்கல்' என்று இதற்குப் பின்னாளில் ஒரு பெயரே வந்தது. கத்தோலிக்கத் திருச்சபை பின்னால் நின்று தள்ளியது. பத்து, பன்னிரண்டு பிள்ளைகள் சர்வ சாதாரணம். கேட்க வீரமாக இருக்கும். டாக்டராக எனக்கு வேறு ஒன்று தோணும். பத்தாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு என்றால் என்ன என்று லேபர் வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும். அந்த மொழியை உயிரோடு வைத்ததில் முதல் பங்கு அந்தத் தாய்களுடையது. அவர்களிடம் விருப்பமான்னு யாரும் கேக்கலை.

இப்போ 1960க்கு வருவோம். 'அமைதிப் புரட்சி' என்று அங்கே சொல்லும் காலம். பள்ளியும் ஆஸ்பத்திரியும் திருச்சபை கையிலிருந்து அரசின் கைக்கு வந்தது. பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், கருத்தடை மாத்திரை வந்தது. பிறப்பு விகிதம் படபடவென்று சரிந்தது. 1987ல் ஒரு பெண்ணுக்கு சராசரி 1.4 குழந்தைக்கும் கீழே. பதறிப்போன அரசு 1988ல் குழந்தை பிறந்தால் போனஸ் அறிவித்தது. மூன்றாவது குழந்தைக்கு அது பின்னாளில் 8,000 டாலர் வரை போனது. பதினான்காம் லூயி சிரித்திருப்பார்.

தொட்டில் காலியாகிவிட்டது. இனி பிரெஞ்சு பேச ஆள் எங்கிருந்து வரும்? விமான நிலையத்திலிருந்துதான்.

ஆனால் விமானத்தில் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? இத்தாலி, கிரீஸ், போர்ச்சுகல் என்று எங்கிருந்து வந்தாலும் பெரும்பாலோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மான்ட்ரியாலில் முதலாளியின் மொழி ஆங்கிலம். 1961 கணக்கெடுப்பை வைத்து ஒரு ராயல் கமிஷன் பார்த்தபோது, கியூபெக்கில் 14 இனப் பிரிவுகளின் வருமானப் பட்டியலில் பிரெஞ்சு வம்சாவளியினர் 12வது இடத்தில் இருந்தார்கள். சொந்த மாகாணத்தில், தாங்களே பெரும்பான்மையாக இருந்தும்! பொது இடத்தில் பிரெஞ்சு பேசினால் "ஸ்பீக் வைட்" (வெள்ளைக்காரன் மாதிரி பேசு) என்று ஏச்சு விழும். இந்த நிலையில் எந்த அப்பா தன் பிள்ளையைப் பிரெஞ்சுப் பள்ளியில் போடுவார்?

1968, 69ல் மான்ட்ரியாலை ஒட்டிய செயின்ட் லெனார்டில் வெடித்தது. இருமொழி வகுப்புகளை நிறுத்தி பிரெஞ்சு மட்டும் என்று பள்ளி வாரியம் சொன்னது. இத்தாலியப் பெற்றோர் எதிர்த்தார்கள். தெருவில் அடிதடி. மாகாணம் தனக்கென்று இமிக்ரேஷன் அமைச்சகம் தொடங்கியதும் அதே 1968ல்தான். மொழிக்காக மாணவர்கள் தெருவுக்கு வந்த 1965ஐப் பார்த்த நமக்கு இதில் பாதி புரியும். மீதிப் பாதி, வந்தேறியவன் பக்கத்து நியாயம்.

1974ல் ஒரு சட்டம் வந்தது. ஆங்கிலப் பள்ளியில் சேரணும்னா பிள்ளைக்கு ஏற்கனவே ஆங்கிலம் தெரிந்திருக்கணும், அதற்கு டெஸ்ட். யாருக்கு? ஒண்ணாம் வகுப்பில் சேரப் போகும் வாண்டுகளுக்கு. இன்டர்வியூ பயத்தில் தூக்கம் வரலைன்னு சொல்றவங்க அந்த வாண்டுகளை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், வந்தேறியவர் என்று மூன்று தரப்புக்கும் அந்தச் சட்டம் பிடிக்கவில்லை.

1977ல் 'சட்டம் 101' வந்தது. வேலையிடம், கடைப் பலகை, பள்ளி எல்லாவற்றிலும் பிரெஞ்சு. புதிதாக வருபவரின் பிள்ளை பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போகணும். இதைக் கொண்டுவந்த அமைச்சர் கமீய் லோரான் யார் தெரியுமா? ஒரு மனநல மருத்துவர்! தலைமுறை தலைமுறையாகத் தாழ்வு மனப்பான்மையில் கிடந்த ஒரு சமூகத்துக்கு இந்தச் சட்டம் ஒரு சிகிச்சை என்றே அவர் பார்த்தார். மருந்து கசப்பு. ஆங்கிலம் பேசுபவர்களில் நிறைய பேர் மூட்டை கட்டிக்கொண்டு டொரன்டோ போனார்கள். ஆனால் வேலை செய்தது. இன்று அங்கே பிரெஞ்சோ ஆங்கிலமோ தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பிரெஞ்சில் படிக்கிறார்கள்.

பள்ளியைப் பிடித்தாயிற்று. அடுத்து வாசற்கதவு.

1978ல் கனடா அமைச்சர் கல்லனும் கியூபெக் அமைச்சர் குத்தூரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். வேலைக்காகக் குடியேறுபவர்களைக் கியூபெக் தானே தன் பாயிண்ட்ஸ் பட்டியல் வைத்துத் தேர்வு செய்யலாம். 1991ல் வந்த இன்னொரு ஒப்பந்தம் இதை உறுதியாக்கியது. இன்றும் அதே அமைப்புதான். முதலில் கியூபெக் தரும் செலக்ஷன் சர்டிபிகேட். அதன் பிறகு கனடா அரசு மெடிக்கல், போலீஸ் விவரம் பார்த்து பிஆர் தரும். ஒரு நாட்டுக்குள் ஒரு மாகாணம் தனக்கு ஆள் தேர்வு செய்ய இவ்வளவு அதிகாரம் வைத்திருப்பது உலகத்திலேயே அபூர்வம். கையெழுத்துப் போட்ட ஜாக் குத்தூர் ஒரு ஜெசுயிட் பாதிரியார். அரசியலை விட்டபின் மடகாஸ்கர் போய் ஏழைகள் நடுவே வாழ்ந்து அங்கேயே இறந்தார்.

இன்டர்வியூ இங்கேதான் உள்ளே வருது. கியூபெக் அதிகாரிகள் வெளிநாடுகளுக்கே போய் விண்ணப்பதாரரையும் மனைவி அல்லது கணவரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைப் புரட்டுவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் சர்டிபிகேட் அங்கேயே கைக்கு வந்ததும் உண்டு. வயது, படிப்பு, மொழி இவற்றுக்கு மார்க் போக, 'பொருந்திப் போகும் தன்மை' என்று ஒன்று இருந்தது. குணம், ஆர்வம், கியூபெக் பற்றி என்ன தெரியும் என்பதைப் பார்த்து அதிகாரி தன் மதிப்பீட்டில் போடும் மார்க்.

எம்பிபிஎஸ் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். வைவா! எக்ஸ்டர்னல் யாரு, சாப்பிட்டு வந்தாரா என்பதைப் பொறுத்து விதி மாறும். அந்த மார்க்கை ஒரு மனிதரின் அபிப்பிராயத்தில் விட்டது எனக்கு உடன்பாடில்லை. மொழியையும் அதிகாரியே பேசிப் பார்த்து எடை போடுவார். 2011 டிசம்பரிலிருந்து டெஃப், டிசிஎஃப் மாதிரியான பொதுத் தேர்வு மதிப்பெண்தான் செல்லும் என்று மாற்றினார்கள். நியாயமான மாற்றம். அதன்பின் இன்டர்வியூவும் குறைந்துவிட்டது. கூப்பிட்டால் பெரும்பாலும் விவரங்களைச் சரிபார்க்கத்தான்.

இத்தனை ஆசையாகத் தேர்ந்தெடுத்தார்களே, வந்தவர்களை நம்பினார்களா? இங்கேதான் எனக்குக் கோபம்.

1957ல் ஹைத்தியில் ஃபிரான்ஸ்வா டுவாலியே ஆட்சிக்கு வந்தார். அவரும் ஒரு டாக்டர், வெட்கக்கேடு. அவரது கொடுமைக்குத் தப்பி பிரெஞ்சு தெரிந்த ஹைத்தி டாக்டர்களும் ஆசிரியர்களும் 1960களில் கியூபெக் வந்தார்கள். புதிதாக எழுந்த ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிகளிலும் அவர்கள் கை நிறைய உழைத்தது. ஆனால் பிற்பாடு நிலைமை மாறியது. டாக்டர் படிப்புக்குப் பாயிண்ட்ஸ் கொடுத்து உள்ளே விட்டார்கள், வந்தபின் அதே படிப்பை ஏற்கவில்லை. ரெசிடென்சி இடங்கள் காலியாகக் கிடந்தபோதும் வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்குக் கதவு திறக்கவில்லை. இது பாகுபாடு என்று 2010ல் கியூபெக்கின் மனித உரிமை ஆணையமே சொன்னது.

1995ல் தனி நாடு வேண்டுமா என்ற வாக்கெடுப்பு. வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம். நூலிழை. அன்றிரவு முதல்வர் பாரிசோ தோல்விக்குக் காரணம் பணமும் 'இனவாரி வாக்குகளும்' என்று மேடையில் சொன்னார். அவரவர் பிள்ளையைப் பிரெஞ்சில் படிக்க வைத்துக் கொண்டிருந்தவர்கள் வீட்டில் அந்தப் பேச்சை டிவியில் பார்த்துக் கொண்டிருந்தார்கள். மறுநாள் அவர் ராஜினாமா செய்வதாக அறிவித்தார்.

2007ல் வந்தேறியவர்களே அரிதான ஏரூவில் என்ற சின்ன ஊர், 'பெண்களைக் கல்லால் அடிக்கக் கூடாது' என்று வருகிறவர்களுக்கு ஒரு நடத்தை விதி போட்டது! அடுத்த வருஷமே, கியூபெக்கின் பொது மதிப்பீடுகளை ஏற்கிறேன் என்று விண்ணப்பதாரர் கையெழுத்திட வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. 2020 முதல் அது தேர்வாகவே மாறியது. 20 கேள்வி, 75 சதவீதம் எடுத்தால் பாஸ்.

2019ல் நடந்தது இதையெல்லாம் விட மோசம். புதிய முறைக்கு மாறுகிறோம் என்று சொல்லி, நிலுவையில் இருந்த சுமார் 18,000 விண்ணப்பங்களை ஒரே சட்டத்தில் ரத்து செய்தார்கள். குடும்பத்தோடு கணக்குப் போட்டால் 50,000 பேர் என்றார்கள். ராத்திரி பகலாக பிரெஞ்சு படித்து வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள். கட்டிய பணம் திரும்ப வந்தது. வயசு?

ஆனால் அவர்களுடைய பயம் பொய்யில்லை. வீட்டில் முதன்மையாகப் பிரெஞ்சு பேசுபவர்கள் 2016ல் 79 சதவீதம், 2021ல் 77.5. அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு காலத்தில் பிரெஞ்சு ஊரெல்லாம் கேட்டது. 1921ல் பள்ளியில் ஆங்கிலம் மட்டும் என்றார்கள். இன்று அங்கே பிரெஞ்சு பேசும் பாட்டிகளைத் தேடித்தான் பிடிக்கணும்.

நம் ஆட்களும் இந்தக் கதையில் உண்டு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களில் பலர் மான்ட்ரியாலுக்கும் டொரன்டோவுக்கும் போனார்கள். அகதிகள் என்பதால் பாயிண்ட்ஸும் இல்லை, "ஏன் கியூபெக்" என்று கேட்க ஆளும் இல்லை. மான்ட்ரியாலில் தங்கிய ஈழத்தமிழர்களின் பிள்ளைகள் சட்டம் 101ன் பிள்ளைகள். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம் என்று சர்வ சாதாரணமாக மாறி மாறிப் பேசுவார்கள்.

சரி, உங்க இன்டர்வியூ.

"ஏன் கியூபெக்" என்று கேட்பவர் உண்மையில் இரண்டு விஷயம் கேக்கறார். சர்டிபிகேட் வாங்கினதும் டொரன்டோவுக்கு பஸ் ஏறிடுவியா? உன் பேரப்பிள்ளை எந்த மொழியில் பேசும்? இந்த ரெண்டுக்கும் உங்களிடம் உண்மையான பதில் இருக்கான்னு முதலில் வீட்டில் கணவன் மனைவி உட்கார்ந்து பேசுங்க. எந்த ஊர், அங்கே உங்க வேலைக்கு யார் ஆள் எடுக்கறாங்க, பிள்ளை பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கப் போறது சம்மதமா, இதெல்லாம். சம்மதம் இல்லைன்னா வேற மாகாணம் பாருங்க, தப்பே இல்லை.

வேலை அனுபவ லெட்டரில் ஒரு மாசத்தைக் கூட கூட்டிப் போடாதீங்க. பொய் என்று தெரிந்தால் ஐந்து வருஷத்துக்கு உங்க ஃபைலைத் தொட மாட்டாங்க.

நர்ஸ் தங்கைகளுக்கும் டாக்டர் தம்பிகளுக்கும் தனியா ஒன்று. செலக்ஷன் சர்டிபிகேட் வேற, வேலை செய்யும் லைசென்ஸ் வேற. லைசென்ஸ் தருவது அந்தந்தத் தொழிலுக்கான கவுன்சில். சட்டம் 101 படி, தொழிலுக்குத் தேவையான பிரெஞ்சு தெரியாமல் நிரந்தர லைசென்ஸ் கிடையாது. விண்ணப்பப் பணம் கட்டும் முன்னாடியே கவுன்சிலுக்கு மெயில் போட்டு, உங்க படிப்பை ஏற்பாங்களா, எத்தனை மாசப் பயிற்சி கேப்பாங்கன்னு எழுத்தில் பதில் வாங்கி வெச்சுக்கோங்க.