பெயரில்லாமல் வந்த அலை

‘புதிய அலை’ என்றால் தமிழில் நமக்கு சினிமாதான் ஞாபகத்துக்கு வரும். கோதார், த்ரூஃபோ, ஃபிலிம் சொசைட்டி, சிற்றிதழ்ச் சண்டைகள். இசையிலும் ஒரு ‘நியூ வேவ்’ இருந்தது. பெயரே பிரெஞ்சு சினிமாவிடம் கடன் வாங்கியதுதான். 1970களின் இறுதியில் ‘பங்க்’ என்ற சொல்லைக் கேட்டாலே அமெரிக்க வானொலிகள் ஒதுங்கின. சயர் ரெக்கார்ட்ஸ் நடத்திய சீமோர் ஸ்டைன் தன்னுடைய குழுக்களை ‘நியூ வேவ்’ என்று சொல்லி விற்றார். வியாபாரத்துக்காக ஒட்டிய லேபிள்தான். ஆனால் அதற்குக் கீழே நிஜமாகவே புதுசாக ஒரு சத்தம் இருந்தது.

கேரி நியூமனின் ‘கார்ஸ்’ (1979), ஹ்யூமன் லீகின் ‘டோண்ட் யூ வாண்ட் மீ’ (1981), நியூ ஆர்டரின் ‘ப்ளூ மண்டே’ (1983) மூன்றையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். ராக்கில் முன்னால் நின்ற கிட்டார் பின்னால் போய்விட்டது. அந்த இடத்தில் சிந்தசைசர். பேஸ், தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரே அளவில் ஓடுகிறது. டிரம்ஸில் மனுஷக் கையின் தளர்வு கிடையாது. பாடுகிறவர் குரலை உயர்த்தி அழுவதில்லை, தள்ளி நின்று சொல்கிறார். ஹ்யூமன் லீக் எஃகு ஊரான ஷெஃபீல்டிலிருந்து வந்தது, நியூ ஆர்டர் பஞ்சாலை ஊரான மான்செஸ்டரிலிருந்து. ஆலைகள் மூடிக்கொண்டிருந்த ஊர்களில் இளைஞர்கள் மெஷினையே பாட வைத்தார்கள். முறையாக இசை படிக்காதவனும் ஒரு விரலால் சிந்தசைசரில் பாட்டுப் போட முடிந்தது. அந்தச் சுதந்திரம்தான் அந்த அலையின் உயிர்.

எங்கள் விருத்தாசலமும் ஒருவகையில் ஆலை ஊர்தான். பழமலைநாதர் கோயிலும் ரயில் ஜங்ஷனும் ஒரு பக்கம் என்றால், பீங்கான் இன்னொரு பக்கம். பக்கத்திலேயே நெய்வேலி, அங்கே நிலக்கரிக்கு மேலே களிமண். அதைக் கொண்டு இங்கே மின்கம்பத்து இன்சுலேட்டரும், வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கேரியரும், பொம்மைகளும் சூளையில் வெந்தன. இந்த ஊரில் நியூ வேவ் என்ற பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ரெக்கார்டிங் கடையில் துண்டுச்சீட்டில் பாட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்தால், காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். சாயங்காலம் வோல்டேஜ் குறைந்தால் டேப் இழுக்கும். சிந்தசைசர் பாட்டு இழுத்தால் அது இன்னும் விநோதமாக, வேறு கிரகத்துப் பாட்டு மாதிரி கேட்கும்.

அப்படிக் கேட்டவற்றில் முக்கியமானது ‘விக்ரம்’ (1986). சுஜாதாவின் கதை. ஏவுகணை, கம்ப்யூட்டர், உளவாளி. அந்தக் கதைக்கு இளையராஜா போட்ட தலைப்புப் பாட்டில் எலெக்ட்ரானிக் டிரம்ஸும் சிந்தசைசரும் முன்னால் நிற்கின்றன, கமல்ஹாசன் பாடுகிறார். அதே வருடம் ‘புன்னகை மன்னன்’. அதன் தீம் இசைக்குக் கணினி பயன்பட்டதை இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள். இந்தப் பாட்டுகளை யூடியூபில் போட்டால் கீழே ஒரு சண்டை உறுதி. ‘நம்ம ஆளு அப்பவே பண்ணிட்டாரு’ என்று ஒரு கட்சி. ‘வெள்ளைக்காரன்கிட்ட சுட்டதுப்பா’ என்று இன்னொரு கட்சி.

என் கணக்கில் இரண்டு கட்சியுமே முக்கியமான விஷயத்தைத் தவறவிடுகின்றன. இங்கே வந்து சேர்ந்தது மெஷின் மட்டும்தான். அதைச் சுற்றியிருந்த வாழ்க்கை வரவில்லை. ஷெஃபீல்டில் சிந்தசைசர், பயிற்சி இல்லாதவர்களுக்குக் கிடைத்த கருவி. கோடம்பாக்கத்திலோ அது நன்றாகத் தேர்ந்த வாத்தியக்காரர்களின் கைக்குப் போனது. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தாளில் ஸ்வரம் எழுதிக் கொடுப்பவர். வயலின்காரருக்கு எழுதியதுபோலவே கீபோர்டுக்கும் எழுதினார். விஜி மானுவேல் கீபோர்டில், புருஷோத்தமன் டிரம்ஸில், சதானந்தம் கிட்டாரில் அதைப் பார்த்து வாசித்தார்கள். மான்செஸ்டரில் ஆர்கெஸ்ட்ராவுக்கு எதிரே நின்ற மெஷின், சென்னையில் ஆர்கெஸ்ட்ராவுக்கு உள்ளேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தது. நம்முடைய நியூ வேவின் தனித்தன்மை இதுதான்.

உட்கார்ந்த மெஷின் சும்மா இருக்கவில்லை. 1982இல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசருக்குத் தடை கேட்டுத் தீர்மானம் போட்டது. வாத்தியக்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்ற பயம். அன்று பலர் சிரித்தார்கள். இளையராஜா குழுவில் சிறுவனாகவே கீபோர்டு வாசித்த திலீப், 1989இல் வீட்டோடு பஞ்சதன் ஸ்டூடியோவை அமைத்தார், 1992இல் ஏ.ஆர்.ரஹ்மானாக ‘ரோஜா’ தந்தார். தனி ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து பாட்டை அடுக்கடுக்காகக் கட்டலாம் என்றானது. சத்தம் அற்புதமாக இருந்தது. கூடவே, ஒரே அறையில் ஐம்பது பேர் சேர்ந்து வாசிக்கும் பதிவுகளும் குறையத் தொடங்கின. லண்டன் பயந்தது, தாமதமாகக் கோடம்பாக்கத்துக்கு வந்தது. பீங்கான் ஃபியூஸ் கேரியர் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் எம்.சி.பி. வந்ததைப் பார்த்த ஊர்க்காரனுக்கு இது புரியாத கதை இல்லை. புதுசு நல்லதுதான். ஆனால் பழசைச் செய்த கைகள் எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை.

இந்த அலையின் இன்னொரு பாதி திரும்பிப் போனது. பம்பாய் வாத்தியக்காரர் சரண்ஜித் சிங், 1982இல் ராகங்களை டிரம் மெஷினோடு சேர்த்து ஒரு ரெக்கார்டு போட்டார், விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோது, சிகாகோவின் ஆசிட் ஹவுஸுக்கு முன்பே அந்தச் சத்தம் இங்கே இருந்திருக்கிறதே என்று மேற்கு வியந்தது. இளையராஜாவின் எலெக்ட்ரானிக் பாட்டுகளை பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் தொகுத்து வெளியிட்டது. எனக்குப் பிடித்த சாட்சி 2007இல் வந்த ‘கலா’. லண்டனில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ., தன் அம்மாவின் பெயரை வைத்த ஆல்பம். அதில் ஒரு பாட்டில் ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’, இன்னொன்றில் நியூ ஆர்டரின் ‘ப்ளூ மண்டே’, நடுவே சென்னையில் பதிந்த உறுமி. அந்தப் பெண்ணுக்கு அதில் எது நம்முடையது, எது அவர்களுடையது என்ற பிரிவினையே இல்லை. எல்லாமே வீட்டில் கேட்ட பாட்டு.

ஒரே ஒரு வித்தியாசம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. நியூ ஆர்டரில் யார் பேஸ், யார் டிரம்ஸ் என்று உலகத்துக்கே தெரியும். பேஸ் வாசித்த பீட்டர் ஹூக் அதைப் பற்றிப் புத்தகங்களே எழுதிவிட்டார். நம்முடைய கேசட் அட்டையில் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் பெயர்கள் இருக்கும். கீபோர்டு வாசித்தவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. எவன் யாரைக் காப்பியடித்தான் என்று இரவெல்லாம் சண்டை போடுகிற நாம், அந்த நேரத்தில் பாதியைச் செலவழித்து, நமக்குப் பிடித்த ஒரு பாட்டில் யார் யார் வாசித்தார்கள் என்று விசாரித்து எழுதி வைக்கலாம். அன்று வாசித்தவர்கள் சிலராவது இன்னும் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறார்கள். பெயரில்லாமல் வந்த அலைக்கு நாம் இப்போது செய்யக்கூடியது அந்தப் பெயர்களைச் சேர்ப்பதுதான்.