விளாமரமும் அதன் பெயர் வழக்கும்

திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நிலம் வறள்வலயத்தைச் சேர்ந்தது. கடற்கரையை விட்டு உள்ளே செல்லச் செல்ல, பாலை, வீரை, முதிரை ஆகிய மரங்களுக்கு இடையே விளாவும் நடுவாரின்றித் தானே வளர்ந்து நிற்கக் காணலாம். சிங்களத்தில் இதனைத் திவுல் என்பர். ஆங்கில மொழியிலோ 'மர ஆப்பிள்' என்று பொருள்படும் பெயர் இதற்கு ஏற்பட்டது. உருண்டை வடிவும் மரம்போற் கடுத்த ஓடுமே அப்பெயருக்குக் காரணம் போலும். ஆப்பிளுக்கும் இதற்கும் எள்ளளவும் உறவில்லை. எலுமிச்சையும் நாரத்தையும் எக்குடும்பமோ அக்குடும்பமே விளாவும்.

காட்டில் நின்று இம்மரத்தை இன்னதென்று துணிவது எளிதா? விளாவுக்கும் முள் உண்டு, வில்வத்துக்கும் முள் உண்டு. இரண்டின் கனியும் வன்மையான ஓடுடையவை. ஆயினும் தமிழர் இவற்றைப் பண்டே பிரித்தறிந்தனர். விளாவை வெள்ளில் என்றும் வில்வத்தைக் கூவிளம் என்றும் வழங்கினர். யாப்பிலக்கணம் பயிலும் மாணவர் தேமா, புளிமாவோடு கூவிளத்தையும் மனப்பாடம் செய்கின்றனர். அம்மரத்தைக் கண்ணாற் கண்டவர் அவருள் எத்தனை பேர் என்பது வேறு செய்தி. வில்வத்தின் இலை மும்மூன்றாக அமைந்தது. விளாவிலோ ஒரு காம்பில் ஐந்தோ ஏழோ சிற்றிலைகள் இருக்கும். கசக்கி முகர்ந்தால் பெருஞ்சீரகத்தை ஒத்த மணம் வீசும்.

இம்மணமே ஐரோப்பியப் புலவர் ஒருவரையும் கவர்ந்தது. ஒல்லாந்தக் கம்பனியின் ஊழியராக அம்போயினாத் தீவில் வாழ்ந்து, கண்ணொளி இழந்த பின்னரும் தாவர நூல் இயற்றிய ரும்பியஸ் என்பார், இம்மணங் கருதியே இம்மரத்துக்குப் பெயரிட்டார். அவர் நூல் 1741 முதல் 1750 வரை வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1678 முதல் 1693 வரை, மலையாள நாட்டுத் தாவரங்களை விளக்கும் பன்னிரண்டு தொகுதிகள் வெளிவந்திருந்தன. அவற்றுள் ஒன்றில் 'சிறு காட்டு நாரகம்' என்னும் மரத்தின் படம் உண்டு. 1762-இல் சுவீடன் அறிஞர் லின்னேயஸ், 'லிமோனியா அசிடிசிமா' என்னும் ஒரே பெயரின் கீழ் இவ்விரு படங்களையும் சேர்த்துவிட்டார். முன்னது விளா, பின்னதோ தமிழகத்தில் மகாவில்வம் எனப்படும் வேறு மரம்!

ஒரு பெயர் இருமரத்துக்கு ஆனதால் வந்த குழப்பம் இருநூறு ஆண்டு நீடித்தது. 1800-இல் கொரேயா என்னும் போர்த்துக்கேயர், காட்டுத் தெய்வமான பெரோனியாவின் பெயரோடு யானையையும் இணைத்து விளாவுக்குப் புதுப்பெயர் சூட்டினார். யானை இக்கனியை விரும்பி உண்பது உண்மையே. வேழம் உண்ட விளாங்கனி என்னும் தமிழ் உவமையும் நினைவுக்கு வரலாம். ஆனால் அங்கு வேழம் என்றது யானையையன்று, கனியின் உள்ளீட்டை அழிக்கும் நோயையே என்று உரைப்பாரும் உளர். 1914-இல் சுவிங்கிள் என்னும் அமெரிக்கர் பெயரை மீண்டும் மாற்றினார். 1978-இல் ஸ்டோன், நிக்கல்சன் ஆகிய இருவர், லின்னேயஸ் இட்ட பெயர் விளாவுக்கே உரியதென வாதித்து நிறுவினர். இன்று வழங்குவது அப்பெயரே.

நூலோர் ஒன்றென்று கொண்ட விளாவிலும் இருவகை உண்டு. ஒன்றன் கனி பெரிது, இனிப்புக் கலந்தது. மற்றொன்றன் கனி சிறிது, கடும் புளிப்பு. மரத்தை நோக்கி இது இன்ன வகையென்று கூறல் அரிது. கனியைச் சுவைத்தே அறிதல் வேண்டும். கனி முதிர்ந்ததா என்பதற்கோ எளிய சோதனை உண்டு. ஓரடி உயரத்திலிருந்து வன்தரையில் விழவிட்டால், முதிராத காய் துள்ளும்; முதிர்ந்தது துள்ளாது கிடக்கும்.

விதையிட்டு வளர்த்த கன்று காய்ப்பதற்குப் பதினைந்து ஆண்டளவு செல்லும். தாயின் சுவை அதற்கு வாய்க்கும் என்னும் உறுதியும் இல்லை. நல்ல மரத்தின் அரும்பை எடுத்து வேறு நாற்றில் ஒட்டினால், அச்சுவை மாறாது வருவதோடு காய்ப்பும் விரைவில் தொடங்கும். அதற்கு அந்நல்ல மரம் எது, எங்கே நிற்கிறது என்பதை அறிந்தவர் வேண்டும். ஊரில் அதனை அறிந்திருப்பவர் ஆடுமாடு மேய்ப்போரும் விறகு பொறுக்குவோருமே. நிலந்திருத்துவோரின் கோடரி அம்மரத்தை அடையுமுன் அவர்களிடம் கேட்டறிந்து, மரத்துக்கு ஓர் அடையாளமிடுதல் வேண்டும்.