சூடேறினால் வேகம் குறைவதேன்?

வாங்கிய புதிதில் விரைந்து ஓடிய கணிப்பொறி, இப்போது பத்து நிமிட வேலையிலேயே தளர்ந்துவிடுகிறதா? பழசாகிவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். சூட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே அது மெதுவாக ஓடக்கூடும்.

கணிப்பொறிக்கும் சூட்டுக்கும் உள்ள பகை பழையது. அமெரிக்காவில் 1946-இல் அறிமுகமான எனியாக்கில் சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது உண்ட மின்திறன் ஏறத்தாழ 150 கிலோவாட். கிட்டத்தட்ட அனைத்தும் வெப்பமாகவே வெளிப்பட்டது.

டிரான்சிஸ்டர் வந்ததும் தொல்லை தணிந்தது. அதைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், சில்லின் ஒரு சதுர மில்லிமீட்டரில் தோன்றும் வெப்பம் கூடாது என்று 1974-இல் ராபர்ட் டென்னார்டு குழுவினர் காட்டினர். ஆனால் மின்னழுத்தத்தை ஓர் அளவுக்குமேல் குறைக்க இயலவில்லை; அதிர்வெண்ணோ ஏறிக்கொண்டே போயிற்று. சூடு மீண்டும் தலைதூக்கியது.

2000-இல் வெளிவந்த பென்டியம் 4 சில்லிலேயே வெப்பத்தை உணரும் அமைப்பு இருந்தது. வெப்பநிலை எல்லையைத் தாண்டினால், கடிகாரத் துடிப்புகளை அது விட்டுவிட்டு நிறுத்தும். துடிப்பு குறைந்தால் வெப்பம் குறையும், வேகமும் குறையும். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் நிறுவனம் 2004-இல் கைவிட்டது. இன்றைய செயலிகள் சூடேறினால் அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் சேர்த்தே தாழ்த்திக்கொள்கின்றன.

ஆகவே, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு உள்ளே பாருங்கள். விசிறியிலும் வெப்பத்தகட்டிலும் தூசி அடைத்திருக்கிறதா? செயலிக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பசை உலர்ந்துவிட்டதா? புதிய கணிப்பொறி வாங்கும் செலவை ஒரு சிறு தூரிகையே மிச்சப்படுத்திவிடலாம்!