மாறனேரி நம்பியின் இறுதி விண்ணப்பம்

தம் உடலுக்கு இன்னது செய்க என்று சொல்லிவைத்துப் போனவர்கள் எக்காலத்தும் உளர். எரிக்கும் இடம், கரைக்கும் ஆறு, உடன் வைக்கும் பொருள் என அவ்விருப்பங்கள் பலவகைப்படும். திருவரங்கத்தில் ஆளவந்தார் திருவடிகளை ஆச்ரயித்திருந்த மாறனேரி நம்பி கேட்டுக்கொண்டதோ, தம் உடல் எவர் கையில் சேர வேண்டும் என்பது பற்றியது.

இவர் நால்வருணத்துக்குப் புறம்பான குலத்தில் தோன்றியவர். மாறனேர் நம்பி என்றும் திருநாமம் வழங்கும். மாறனாகிய நம்மாழ்வாரை ஒத்தவர் என்பது அவ்வடிவின் பொருள். ஆளவந்தாரை வருத்திய இராஜபிளவையை ஆசார்ய ப்ரஸாதமாக இவர் வேண்டிப் பெற்றார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். அந்நோவினிடையே, தம்மோடு ஓராசார்யனைப் பணிந்த பெரிய நம்பியிடம் இவர் விண்ணப்பித்தது ஒன்றே. இவ்வுடல் ஆசார்யனுக்கென்று ஆன புரோடாசம். வேள்விக்குரிய அதனை நாய்க்கு இடுவதுபோல் தேக ஸம்பந்திகளிடம் கொடுத்துவிடலாகாது என்பது அது. சொல் கடுமையானதுதான். ஆயினும் உறவினரைப் பழிப்பது அதன் நோக்கமன்று என்றே கொள்ளத் தோன்றுகிறது. ஆசார்யனுடைய நோயையும் ஏற்று அவனுக்கே உரியதாகிவிட்ட உடலில், பிறப்பால் வந்த உறவுக்கு உரிமை இல்லை என்கிறார்.

நம்பி திருநாடெய்தியபின் பெரிய நம்பி அவரை ப்ரஹ்மமேதத்தாலே ஸம்ஸ்கரித்தார். வேதம் வல்ல ப்ரஹ்மவித்துக்களுக்குரிய சரமவிதி அது. உடையவர் (1017–1137) இதுகேட்டு, மரியாதையை நிலைநிறுத்த வேண்டிய காலத்தில் இவ்வாறு செய்தருளலாமோ என்று வினவினார். பெரிய நம்பியின் மறுமொழி புகழ்பெற்றது: ஜடாயுவை ஸம்ஸ்கரித்த பெருமாளினும் அடியேன் உயர்ந்தவனோ, ஜடாயுவினும் இவர் தாழ்ந்தவரோ? தருமபுத்திரரினும் அடியேன் உயர்ந்தவனோ, விதுரரினும் இவர் தாழ்ந்தவரோ? அடியார் பெருமை பேசும் திருவாய்மொழி 3.7, 8.10 ஆகிய பதிகங்கள் வெறும் கடலோசையோ?

திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த பிள்ளை லோகாசார்யர், பின்னாளில் ஸ்ரீவசனபூஷணத்தில் இவ்வார்த்தையை நினைவூட்டுகிறார். அங்கு விதுரர் செய்தியில் ஆராயத்தக்க ஓரிடம் உண்டு. அசரீரி வாக்கையும் ஞான மிகுதியையும் கொண்டு தருமபுத்திரர் அவரை ப்ரஹ்மமேதத்தாலே ஸம்ஸ்கரித்தார் என்பது அந்நூல். இன்று வழங்கும் பாரதத்து ஆசிரமவாஸிக பர்வத்திலோ, விதுரர் யதிதர்மத்தை அடைந்தவராதலின் அவ்வுடலை எரிக்க வேண்டா என்றே அசரீரி தடுக்கிறது. செயல் மாறுபடினும், சரமவிதியைத் தீர்மானிப்பது பிறப்பன்று, எய்திய நிலையே என்பதில் ஈரிடத்தும் வேறுபாடில்லை. பெரிய நம்பியின் வாதத்துக்கு வேண்டுவதும் அவ்வளவே.

இவ்வரலாறு சொல்லப்படும் இடங்களிலெல்லாம் பெரிய நம்பியின் ஏற்றமே விரித்துரைக்கப்படுகிறது. அது தக்கதே, ஊரார் அவரை விலக்கிவைத்தனர் என்றும் நூல்கள் சொல்லும். ஆனால் இதைத் தொடங்கிவைத்தவர் மாறனேரி நம்பி. அவர் வாய்திறந்து கேளாதிருந்தால் ஸம்ஸ்காரமும் இல்லை, உடையவரின் வினாவும் இல்லை. நோயில் கிடந்த அவர், இதனால் பெரிய நம்பிக்கு நேரக்கூடியதை அறியாதவர் அல்லர்; அறிந்தும் அவரிடமே கேட்டார்.