வெள்ளைக் காளானின் விலை விழுந்த கதை

சூப் என்றாலே நமக்கு மிளகும் உப்பும்தான். காண்டனியர்களுக்கோ இனிப்பு சூப் இல்லாமல் சாப்பாடு முடிந்த மாதிரியே இராது. பெயர் 'தொங் சுய்', அதாவது 'சர்க்கரைத் தண்ணீர்'. குவாங்டாங், ஹாங்காங் பக்கத்துச் சமாச்சாரம். பெரும்பாலும் பால் சேர்க்காத பாயசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பாசிப்பயறிலும் கறுப்பு எள்ளிலும்கூடச் செய்வார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது மருந்துச் சரக்குகளைக் கற்கண்டோடு கொதிக்கவைக்கும் வகையை: தாமரை விதை, காய்ந்த சீன இலந்தை, லோங்கன் பழம், வெள்ளைக் காளான்.

இந்த வகையில் ராஜா, பறவைக்கூடு. உழவாரன் குருவி தன் எச்சிலால் கட்டும் கூடு. தென்கிழக்காசியக் குகைகளிலிருந்து கப்பலேறிச் சீனா போகும். 18-ஆம் நூற்றாண்டில் சாவ் சுயேசின் எழுதிய 'சிவப்பு மாளிகைக் கனவு' நாவலில், இருமலால் வாடும் தாய்யூவிடம் தினமும் காலையில் பறவைக்கூட்டைக் கற்கண்டு சேர்த்துக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறாள் பாவ்சாய். அண்டிப் பிழைக்கும் அநாதைப் பெண் அதை வாய்விட்டுக் கேட்கவே கூசுகிறாள். வீட்டு ஆட்கள் முணுமுணுப்பார்களே! கடைசியில் பாவ்சாய்தான் தன் வீட்டிலிருந்து கொடுத்தனுப்புகிறாள்.

அதே வழவழப்பு வெள்ளைக் காளானிலும் உண்டு. ஆனால் ஒரு காலத்தில் அதுவும் பணக்காரச் சரக்குதான். 19-ஆம் நூற்றாண்டிலேயே மரக்கட்டைகளை வெட்டிப் போட்டு, முளைக்குமா என்று காத்திருந்தார்கள். சுத்த லாட்டரி! காரணம் பிறகுதான் தெரிந்தது: இது இன்னொரு பூஞ்சையை ஒட்டி வாழும் ஒட்டுண்ணி. 20-ஆம் நூற்றாண்டில் இரண்டையும் சேர்த்தே மரத்தூளில் விதைக்கக் கற்றார்கள். ஃபூஜியன் மாகாணத்தின் கூத்தியன் வட்டாரம் பெரிய உற்பத்தி மையமாகிவிட்டது. வரத்து பெருகியது, விலை விழுந்தது. வணிகவியல் மாணவனுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

இரண்டுக்கும் தனியாகச் சொல்லும்படி ருசியே கிடையாது. நுரையீரலுக்கு ஈரப்பதம் தரும் என்று சீன மருத்துவம் இரண்டையும் புகழ்கிறது. அப்புறம் ஏன் இன்றும் ஒன்றுக்கு மட்டும் அந்த விலை? அரிதாக இருப்பதற்குத்தான் காசு என்பது என் கட்சி.

எங்கே குடிக்கலாம்? ஹாங்காங்கில் ஜோர்டன் பகுதி இனிப்புக் கடைகள். சிங்கப்பூர் போகிறவர்கள் உணவங்காடிகளில் 'செங் திங்' கேளுங்கள்; பெடோக் உணவங்காடி இதற்குப் பேர்போனது. ஐஸ் போட்டும் தருவார்கள், ஆனால் சூடாகக் குடித்தால்தான் லோங்கன் மணம் தெரியும். காய்ந்த காளான் வாங்கி வீட்டில் செய்வதானால், லேசாக மஞ்சளோடிய காளானாகப் பாருங்கள். பளீர் வெள்ளை என்றால் கந்தகப் புகை போட்டதாக இருக்கலாம்.